ஒரே மலை, இரண்டு எம்.பி.

2009 மக்களவைத் தேர்தலில் திருவண்ணாமலைத் தொகுதியில் மோதிய இருவரை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒருவர் திமுகவின் டி. வேணுகோபால். 1996, 1998, 1999, 2004 என்று நான்கு தேர்தல்களில் விடாமல் வென்று, பதின்மூன்று ஆண்டுகளாக மக்களவையில் இருந்தவர். எதிர்த்து நின்றவர் பாமகவின் காடுவெட்டி ஜெ. குரு. வன்னியர் சங்கத் தலைவர், ஆண்டிமடத்தின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், மேடைப் பேச்சாலேயே பெயர் எடுத்தவர். 2008 ஜூனில் அவர் பேசிய பேச்சைக் காரணம் காட்டித்தான் திமுக தன் கூட்டணியிலிருந்து பாமகவை வெளியேற்றியது. அடுத்த ஆண்டே அவர் திமுக பல காலமாக வென்றுவந்த மண்ணுக்கு வந்து, அதன் மூத்த எம்.பி.யை எதிர்த்து நின்றார்.

மே 13 அன்று வாக்குப்பதிவு. மே 16 அன்று எண்ணிக்கை. வேணுகோபால் சுமார் 1 லட்சத்து 48 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஐந்தாவது முறையாக வென்றார். அந்தத் தேர்தலில் அதிமுக அணியில் நின்ற பாமகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. பத்திரிகைகள் இதைக் கூட்டணிக் கணக்கு என்றும் சாதிக் கணக்கு என்றும் பிரித்துப் பிரித்து எழுதின. அந்தக் கணக்குகள் எதிலும் ஜவ்வாது மலை வரவில்லை. தொகுதிக்குள் நிமிர்ந்து நிற்கும் மலை அது. ஆயிரக்கணக்கான வாக்காளர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஏன் கணக்கில் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவன். மலையாளிப் பழங்குடி. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் வந்தால் எங்கள் பள்ளிக்கூடம் வாக்குச்சாவடி ஆகிவிடும். நான் மட்டும் அங்கே இருக்க மாட்டேன். சொந்தத் தொகுதியில் தேர்தல் பணி தரக்கூடாது என்பது விதி. அதனால் ஒவ்வொரு முறையும் கீழே, சமவெளியில், வேறொரு தொகுதியின் சாவடிக்குப் போய்விடுவேன். என் ஓட்டு தபாலில் போகும். மலையிலே பிறந்து, தேர்தலைச் சமவெளியிலிருந்து பார்த்த அனுபவம் எனக்கு இப்படித்தான் வாய்த்தது. இரண்டு பக்கமும் எப்படி நடக்கிறது என்று தெரிந்ததால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

நாட்டாரிடமிருந்து ஓட்டுப்பெட்டிக்கு

ஓட்டு வருவதற்கு முன்னும் எங்கள் மலைக்கு ஓர் ஆட்சிமுறை இருந்தது. பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று இன்றும் வழங்கும் பெயர்கள் அந்த அமைப்பின் மிச்சம். ஊருக்கு ஓர் ஊர்க்கவுண்டர், நாட்டுக்கு ஒரு நாட்டார். நிலத் தகராறு, கல்யாணம், தீர்த்துவிடுதல், திருவிழாவுக்கு நாள் குறித்தல் எல்லாம் அவர்கள் முன்னால்தான். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறி வந்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் அந்தக் கதை பதிவாகியிருக்கிறது.

அந்த முறையில் மலை முழுவதும் ஒன்றாக இருந்தது. ஒரு நாட்டில் தீராத வழக்கு அடுத்த நாட்டாரையும் கூட்டிவைத்துத் தீர்க்கப்பட்டது. அதே சமயம் அதில் இருந்த குறையையும் மறைக்கக் கூடாது. பதவி பரம்பரையாக வந்தது. பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பேச இடமில்லை. என் ஆயா எத்தனையோ வழக்குகளுக்குக் களி கிண்டிப் போட்டிருக்கிறாள், ஒன்றிலும் வாய் திறந்ததில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் ஓட்டு என்பது சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கானது. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காடு அரசுக் காடானது. கொத்துக்காட்டில் சாமையும் தினையும் விதைத்த எங்கள் ஆட்களுக்குப் பட்டா என்று காட்ட எதுவும் இல்லை. அதனால் 1952இல் நடந்த முதல் பொதுத் தேர்தல்தான் மலைக்காரர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஓட்டு. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. ஆயாவுக்கும் ஒன்று, நாட்டாருக்கும் ஒன்று. எங்கள் மலையில் அதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி. பெட்டியின்மேல் சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரசுக்கு இரட்டைக்காளை. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய், பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். எழுத்தறியாதவர்களுக்கு அது வசதியாக இருந்தது என்று அப்பா சொல்வார். 1957 தேர்தலும் அப்படித்தான். 1962இல்தான் எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில் வந்து, முத்திரை குத்தும் முறை பொதுத் தேர்தலுக்கு வந்தது.

அந்த முதல் தேர்தலிலேயே எங்கள் மலை அப்போது இருந்த வட ஆற்காடு பழையவர்களை எதிர்த்து நிற்கும் மாவட்டமாகத் தன்னைக் காட்டிக்கொண்டது. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி காங்கிரசை எதிர்த்து நின்று சட்டமன்றத்தில் 6 இடங்களைப் பிடித்தது. 1957இல் திமுக முதன்முதலாகத் தேர்தலில் இறங்கியது. மக்களவைக்கு அந்தக் கட்சியிலிருந்து இருவர் மட்டுமே போனார்கள். ஒருவர் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத். மற்றவர் திருவண்ணாமலையில் வென்ற இரா. தர்மலிங்கம். ஆக, திருவண்ணாமலை டெல்லிக்குத் திமுகவை அனுப்பிய முதல் ஊர்களில் ஒன்று.

அலைகளும் ஐந்து வெற்றியும்

1967இல் திருவண்ணாமலை என்ற பெயரில் மக்களவைத் தொகுதி இல்லாமல் போனது. அதற்குப் பின் இந்தப் பகுதியின் தேர்தல் கதை திருப்பத்தூர்த் தொகுதியின் கதை. 1962இலும் 1967இலும் அங்கே வென்றவர் திமுகவின் ஆர். முத்து கவுண்டர். 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட துக்கமும் எம்.ஜி.ஆரின் உடல்நலக் கவலையும் சேர்ந்து அடித்த அலையில் காங்கிரசின் அ. ஜெயமோகன் வந்தார். 1989இல் மறுபடியும் வந்தார். ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட 1991இல் மூன்றாம் முறையும் வந்தார். அந்த ஆண்டு தமிழ்நாட்டின் 39 இடங்களும் காங்கிரஸ்–அதிமுக அணிக்கே போயின.

1996இல் காற்று முழுக்கத் திரும்பியது. திமுகவும் மூப்பனாரின் தமாகாவும் சேர்ந்த அணி 39 இடங்களையும் வாரிக்கொண்டது. டி. வேணுகோபால் முதன்முறையாக மக்களவைக்குப் போனது அந்த அலையில்தான். அலையில் வந்தவர்கள் அடுத்த அலையில் போய்விடுவது வழக்கம். அவர் போகவில்லை. 1998இல் அதிமுக அணி 30 இடங்களை எடுத்தது. தமிழ்நாட்டில் திமுகவுக்கு மிஞ்சியவை 5 மட்டும். அந்த ஐந்தில் திருப்பத்தூரும் ஒன்று. என் கண்ணுக்கு அவருடைய ஐந்து வெற்றிகளில் அதுதான் பெரியது. 1999இல் பாஜக அணியில் இருந்தபோதும் வென்றார். 2004இல் காங்கிரஸ் அணியில் இருந்தபோதும் வென்றார். இப்படித்தான் ஒருவர் நீண்டகால எம்.பி. ஆகிறார். அதற்குக் கட்சிக் கட்டுக்கோப்பு வேண்டும், ஒன்றியச் செயலாளர்களின் உழைப்பு வேண்டும், கல்யாணம் காதுகுத்து துக்கம் என்று ஒன்றையும் விடாமல் தலைகாட்டும் பொறுமையும் வேண்டும்.

அவரை எதிர்த்த குருவின் பின்னாலும் நீண்ட வரலாறு இருந்தது. 1980இல் மருத்துவர் ராமதாஸ் தொடங்கிய வன்னியர் சங்கம், 1987 செப்டம்பரில் ஒரு வாரம் நடந்த சாலை மறியல், துப்பாக்கிச் சூட்டில் போன உயிர்கள், 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு வந்த 20 விழுக்காடு இட ஒதுக்கீடு, அதே ஆண்டு பிறந்த பாமக. அந்த வரலாற்றை மேடையில் உரத்துச் சொல்லும் குரலாக குரு இருந்தார். வட ஆற்காட்டுச் சமவெளியில் வன்னியர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அந்த பலத்தை நம்பித்தான் அவர் வந்தார்.

2009 கோடையில் நான் சமவெளியில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே ஊருக்கு ஒரே வாரத்தில் இரண்டு தரப்பின் ஒலிபெருக்கி வண்டிகளும் பலமுறை வந்தன. டீக்கடையில் ஈழத்துப் போர்ச் செய்திதான் பேச்சு. வாக்குப்பதிவு நடந்தபோது முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்கள். அதனால் கட்சிக்காரர்களின் குரலிலேயே ஒரு பதைப்பு இருந்தது. சாதிச் சங்கக் கொடிகள், புதிதாக வந்த தேமுதிகவின் முரசு, மகளிர் குழுக் கூட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஊர் இரைந்துகொண்டே இருந்தது.

மலையில் அந்த இரைச்சல் இல்லை. பலாப் பழுத்த காலம். வேலைக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஓட்டைப் பற்றிய பேச்சு இரண்டு விஷயங்களைத்தான் சுற்றியது. ஒன்று, 2008 செப்டம்பரில் வந்த ஒரு ரூபாய் அரிசி. மற்றொன்று, நூறு நாள் வேலை. சாமையும் கேழ்வரகும் பொய்த்த ஆண்டில் கையில் காசு வந்தது அந்த வேலையால்தான் என்று பெண்கள் சொன்னார்கள். ஐந்தாம் முறை நிற்பவரா, முதல்முறை வருபவரா என்ற கேள்வி அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. இருவரில் யாரும் மலையை நம்பி நிற்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

வேட்பாளரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள், ஆறு சட்டமன்றத் தொகுதிகள், இரண்டு வாரப் பிரச்சாரம். போளூர் பக்கமோ ஆலங்காயம் பக்கமோ மலைப்பாதையில் ஏறி, கோவிலூர், நம்மியம்பட்டு, வீரப்பனூர், கானமலை, குட்டக்கரை என்று சிதறிக் கிடக்கும் ஊர்களைச் சுற்ற ஒரு முழு நாள் வேண்டும். அதே நாளில் சமவெளியில் இருபது ஊர்களைப் பார்த்துவிடலாம். யாராக இருந்தாலும் சமவெளியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கும்படி அவர்களை வைத்தது எது என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

கோடுகளின் கதை

1989 செப்டம்பர் 30 வரை ஜவ்வாது மலையின் பெரும்பகுதி ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அன்று மாவட்டம் இரண்டானது. ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டத்துக்குப் போனது. புதூர்நாட்டுப் பக்கம் வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் நின்றது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டமும் பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமானது. இப்போது ஒரே மலை மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், புதூர்நாடும் நெல்லிவாசல்நாடும் திருப்பத்தூரில், பீஞ்சமந்தையும் ஜார்த்தான்கொல்லையும் வேலூரில்.

தொகுதி எல்லைகள் மாவட்ட எல்லைகளைப் பின்தொடர்ந்தன. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான எல்லை வரையறை ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைந்த புதிய தொகுதிகள் 2008இல் நடைமுறைக்கு வந்தன. திருப்பத்தூர் மக்களவைத் தொகுதி மறைந்து, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் திருவண்ணாமலை என்ற பெயர் திரும்பி வந்தது. வேணுகோபாலும் குருவும் மோதியது அந்தப் புதிய எல்லைக்குள் நடந்த முதல் தேர்தலில். மலையின் ஜமுனாமரத்தூர்ப் பகுதி கலசபாக்கம் சட்டமன்றத் தொகுதிக்குள், புதூர்நாடு திருப்பத்தூர் சட்டமன்றத் தொகுதிக்குள், பீஞ்சமந்தைப் பக்கம் அணைக்கட்டுத் தொகுதிக்குள் அமைந்தன. முதல் இரண்டும் திருவண்ணாமலை எம்.பி.யிடம். மூன்றாவது வேலூர் எம்.பி.யிடம்.

இந்தக் கோடுகள் காகிதத்தோடு நிற்பதில்லை. சோற்றுப் பானை வரைக்கும் வருகின்றன. நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் ஆறு மாவட்டங்களில் தொடங்கியது. அதில் திருவண்ணாமலை இருந்தது, வேலூர் இல்லை. வேலூருக்கு 2008 ஏப்ரலில்தான் வந்தது. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பெண்ணுக்குக் கிடைத்த வேலை, அதே மலையில், அதே சாமியைக் கும்பிடும், அவளுக்கே நாத்தனாராக வாய்த்த புதூர்நாட்டுப் பெண்ணுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் கிடைக்கவில்லை. இதற்கு யாரும் எங்களிடம் காரணம் சொல்லவில்லை.

உள்ளாட்சித் தேர்தலும் அப்படியே. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் 2019 டிசம்பரில் ஊராட்சித் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தது. மாவட்டப் பிரிவினையால் வேலூரிலும் திருப்பத்தூரிலும் அந்தத் தேர்தல் தள்ளிப்போய் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அண்ணன் ஊரில் தலைவர் இருந்தார். தம்பி ஊரில் அவ்வளவு காலமும் அதிகாரிதான்.

மக்களவைத் தேர்தலிலும் ஒரே மலை இரண்டு தேதிகளில் ஓட்டுப் போட்டது. 2019 ஏப்ரல் 18 அன்று ஜமுனாமரத்தூரும் புதூர்நாடும் வாக்களித்தன. வேலூர்த் தொகுதியில் பெருந்தொகைப் பணம் பிடிபட்டதால், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு அங்கே தேர்தல் ரத்தானது. ஆகஸ்ட் 5 அன்று மறுபடி நடந்தது. அதில் திமுகவின் கதிர் ஆனந்த், இரட்டை இலையில் நின்ற ஏ.சி. சண்முகத்தை 8,141 வாக்குகளில் வென்றார். 2021 சட்டமன்றத் தேர்தலில் அவருடைய தந்தை துரைமுருகன் காட்பாடியில் வென்றது 746 வாக்குகளில். 1971இலேயே காட்பாடியில் வென்று சட்டமன்றம் போனவர் அவர். இவ்வளவு பழைய உறுப்பினரையும் இவ்வளவு சிறிய எண்ணிக்கை ஆட்டிவைக்கும் மண் இது. சிதறாத ஒரு மலைக்கு அங்கே என்ன மதிப்பு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிதறிய மலைக்கு அந்த மதிப்பு இல்லை. அணைக்கட்டில் ஒரு கைப்பிடி, திருப்பத்தூரில் ஒரு கைப்பிடி, கலசபாக்கத்தில் ஒரு கைப்பிடி.

எங்கள் மலையை யாரும் சூழ்ச்சி செய்து பிரித்ததாக நான் சொல்லவில்லை. உலகத்தில் அப்படியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1812இல் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட சட்டம், தம் கட்சி வெல்லும்படியாக ஒரு தொகுதியைப் பல்லியைப் போல வளைத்து வரைந்தது. இன்றும் அந்த நாட்டில் பழைய உறுப்பினர்கள் அசையாமல் இருப்பதற்கு எல்லைக்கோடு ஒரு காரணம் என்று அங்கே வழக்குகளே நடக்கின்றன. இங்கே நடந்தது வேறு. மாவட்டத்தை வசதிக்காகப் பிரித்தார்கள், தொகுதியை மாவட்டத்தின்படி வரைந்தார்கள், இடையில் இருந்த மலையையும் அங்கே வாழ்பவர்களையும் யாரும் நினைக்கவில்லை. நினைக்காததால் விளைந்த கேடும் கேடுதான்.

எண்ணப்படாததன் விலை

2014இல் வேணுகோபால் வேட்பாளராக இல்லை. திமுக சி.என். அண்ணாதுரையை நிறுத்தியது. 37 இடங்களை வென்ற அதிமுக அலையில் ஆர். வனரோஜா ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 2019இல் அதே அண்ணாதுரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் திருப்பி எடுத்தார். 2024இலும் வென்றார். கலசபாக்கத்தில் பலமுறை வென்ற பெ.சு. திருவேங்கடத்தின் மகன் பெ.சு.தி. சரவணன், 2021இல் பதவியில் இருந்த அதிமுக உறுப்பினரைத் தோற்கடித்துச் சட்டமன்றம் போனார். பழையவர் தோற்பதும் புதியவர் வெல்வதும் இங்கே அடிக்கடி நடப்பதுதான். இந்த வெற்றி வித்தியாசங்களைப் பாருங்கள். ஒன்றரை லட்சம், மூன்று லட்சம். மலை மொத்தமும் ஒருவருக்கே போட்டிருந்தாலும் இந்த முடிவுகள் மாறியிருக்காது. இந்த உண்மை கட்சிக்காரர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அப்படி எண்ணப்படாமல் போவதன் விலை என்ன? 2006 டிசம்பரில் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தலைமுறைகளாகக் காட்டில் உழுதவருக்கு உரிமை தருவதற்கான சட்டம். தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பட்டா வழங்குவது ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. ஒரு மலையின் முழுப் பிழைப்பும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. மேடை போட்டு அதைப் பேசிய தேர்தல் ஒன்றும் என் நினைவில் இல்லை.

2015 ஏப்ரல் 7. ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரை அந்த மாநிலக் காவல்துறை சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் எங்கள் மலைக்காரர்களும் இருந்தார்கள். கோடாலி பிடிக்கத் தெரிந்த கைகளைத் தேடி மலைக்குத் தரகர்கள் வருவது ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். ஒரு நாள் கூலிக்குப் பத்து மடங்கு என்று ஆசை காட்டினால், புளி உலுக்கியும் தேன் எடுத்தும் சாமை அறுத்தும் வாழ முடியாதவன் போகத்தான் செய்வான். அந்த வாரம் என் வகுப்பில் சில இருக்கைகள் காலியாக இருந்தன. இரண்டு மாநிலங்களுக்கு இடையிலான விவகாரம் அது. நாடாளுமன்றத்தில் மலைக்காகவே எழுந்து நின்று பேசவேண்டிய ஒருவர் தேவைப்பட்ட நேரம் அது. சில வாரங்கள் செய்தி வந்தது, பிறகு ஓய்ந்தது. மலையில் ஆந்திரச் சிறைக்கு மனுப் போட்டு அலைந்த மனைவிமார்கள்தான் மிச்சம்.

சாலையும் அப்படித்தான். கர்ப்பிணியைத் தூளி கட்டித் தூக்கிவருவது இன்னும் சில ஊர்களில் நிற்கவில்லை. வேலூர்ப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் 2023இல் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைப் பாதை இல்லாததால் தாய் சுமந்து நடந்தார் என்று நாடு முழுதும் செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் ஏறி வந்தார்கள். ஒரு குழந்தை செத்தால்தான் பாதை வரும் என்ற நிலைமை ஓட்டு இல்லாத இடத்தில் இருக்கலாம். எழுபது ஆண்டுகளாக வரிசையில் நின்று ஓட்டுப் போடும் இடத்தில் இருக்கக் கூடாது.

அதே நேரத்தில் எங்கள் மலைக்கு நாட்டின் பிரதமரே வந்திருக்கிறார். 1986 ஜனவரி 6 அன்று காவலூரில் 93 அங்குலத் தொலைநோக்கியைத் தொடங்கிவைக்க ராஜீவ் காந்தி வந்தார். ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று எங்கள் காட்டில் நின்று வானத்தைப் பார்த்தது. அதற்குத் தார்ச்சாலை வந்தது, மின்சாரம் வந்தது. அரசு நினைத்தால் மலைக்கு எதையும் கொண்டுவர முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இனி வரையப்போகும் கோடு

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு. ஏற்காடும் சேந்தமங்கலமும். 2008க்கு முன்பு உப்பிலியபுரமும் சேர்ந்து மூன்றாக இருந்தது. மக்களவையில் எங்களுக்கென்று தமிழ்நாட்டில் ஒரு தொகுதியும் இல்லை. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் எட்டு லட்சம் பேர்கூட இல்லை. மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர். அதனால் இவ்வளவுதான் என்பது அதிகாரிகளின் பதில். எண்ணிக்கை குறைவு என்பது உண்மை. ஜவ்வாது மலை முழுவதும் சேர்ந்தாலும் ஒரு சட்டமன்றத் தொகுதி நிரம்பாது என்பதும் உண்மை.

ஆனால் கொல்லிமலையைப் பாருங்கள். அங்கேயும் மலையாளிகள்தான். கொல்லிமலையும் தனியாக ஒரு தொகுதியை நிரப்பாது. அதை உடைக்காமல் அடிவார ஊர்களோடு சேர்த்துச் சேந்தமங்கலம் என்று ஒரே தொகுதியாக வைத்தார்கள். சேர்வராயன் மலையை வாழப்பாடிச் சமவெளியோடு சேர்த்து ஏற்காடு ஆக்கினார்கள். அந்த இரண்டு தொகுதிகளிலும் எந்தக் கட்சி நின்றாலும் வேட்பாளர் பழங்குடியாகத்தான் இருக்க வேண்டும். பழைய உறுப்பினரானாலும் புதிதாக எதிர்ப்பவரானாலும் மலையேறாமல் அங்கே ஓட்டுக் கேட்க முடியாது. ஜவ்வாது மலைக்கும் அதைச் செய்ய முடியும்.

2002ஆம் ஆண்டு எல்லை வரையறைச் சட்டமும் இதைத்தான் சொன்னது. தொகுதிகள் இயன்றவரை புவியியல்ரீதியாகச் செறிவான பகுதிகளாக இருக்க வேண்டும், இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைக் கருத வேண்டும் என்றது. அந்த வரிசையில் இயற்கை அமைப்புதான் முதலில் வருகிறது. பழங்குடித் தொகுதிகள் அவர்கள் அடர்த்தியாக வாழும் பகுதியில் அமைய வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. எங்கள் பக்கத்தில் நிர்வாக எல்லை முந்திக்கொண்டது. மலையை மாவட்டங்களுக்குள் மூன்றாக வெட்டியபிறகு எந்தத் துண்டிலும் பழங்குடிகள் அடர்த்தியாகத் தெரியமாட்டார்கள். கலசபாக்கத்திலும் சிறுபான்மை, திருப்பத்தூரிலும் சிறுபான்மை, அணைக்கட்டிலும் சிறுபான்மை.

அரசியல் சட்டப்படி, 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளை மறுபடி வரையலாம். தமிழ்நாடு மக்களவையில் எத்தனை இடங்களை இழக்கும் என்பது பற்றி எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. பேசவேண்டியதுதான், அது மாநிலத்தின் உரிமை. மாநிலத்துக்கு உள்ளே எந்தக் கோடு எங்கே போகப் போகிறது என்பதையும் யாராவது பேச வேண்டும். ஆணையம் தன் முன்மொழிவை வெளியிட்டு, மக்களின் ஆட்சேபங்களை வாங்கி, பொது அமர்வு நடத்திய பிறகுதான் எல்லையை முடிவாக்க வேண்டும் என்பது இதுவரை இருந்துவரும் நடைமுறை. 2000களில் அந்த அமர்வுகள் நடந்தபோது மலைக்கு அதைச் சொல்லி அனுப்பியவர்கள் யாரும் இல்லை. இம்முறை நாமே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அதற்கான வேலையை இப்போதே தொடங்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஜமுனாமரத்தூரிலும், புதூர்நாட்டிலும், பீஞ்சமந்தையிலும் ஒரே தீர்மானம் ஒரே வாசகத்தில் நிறைவேற வேண்டும்: ஜவ்வாது மலையின் எல்லா ஊராட்சிகளும் ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள், ஒரே மக்களவைத் தொகுதிக்குள் இருக்க வேண்டும், அந்தச் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட வேண்டும். மாவட்ட எல்லை குறுக்கே நின்றால் மாவட்ட எல்லையைத்தான் மாற்ற வேண்டும். மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கும் அந்தத் தீர்மானத்தின் நகல் போகட்டும், ஆணையத்துக்கும் போகட்டும். நாட்டார் கூட்டத்தில் வாய் திறக்காத ஆயாக்களின் பேத்திகள் அண்மைக் காலத்தில் அந்தச் சபைகளில் தலைவர்களாக, வார்டு உறுப்பினர்களாக உட்கார்ந்தவர்கள். அவர்கள் முன்னின்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

ஐந்து முறை வென்றவரும், அவரை எதிர்த்து வந்தவரும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட எல்லைக்குள்தான் போட்டியிட்டார்கள். எல்லை மாறினால் போட்டியும் மாறும். அப்போது பதவியில் இருப்பவர் மலைக்கு என்ன செய்தார் என்று கணக்குக் கேட்கவும், எதிர்ப்பவர் என்ன செய்வார் என்று வாக்கு வாங்கவும் எங்கள் ஓட்டுக்கு பலம் இருக்கும். எழுபது ஆண்டுகளாக ஓட்டுப் போட்டுவரும் ஒரு மலைக்கு அந்த பலம் வந்து சேர வேண்டும்.